சுத்தபோசனம்

முதல் நிலைக்கு மணி அடித்தாயிற்று. மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாயிற்று. "முழங்காலிடுவோம்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் வேம்படித்துறை சூசையப்பர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் கொதிக்கிற மணலில் பொத்துப் பொத்தென்று விழுந்தாயிற்று. சிந்தா டீச்சரின் மனசு மட்டும் விழவில்லை. அது அவளை விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் போய், சத்துணவுக் கொட்டகைச் சுவரில் தொங்கும் ஒன்பதாம் நிலைப் படத்துக்குக் கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. வா, வா, நீ இங்கேதானே வரவேண்டும், எவ்வளவு நேரம் இழுத்தடிப்பாய் என்று கேட்டது. கை புத்தகத்தைப் பிடித்திருந்தது, வாய் தன்பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது, வாய்க்கு இதெல்லாம் மனப்பாடம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடம் முழுக்கச் சிலுவைப்பாதைதான். கேட் தூணில் தொடங்கி அடிபம்பு, பூவரசு, கொடிக்கம்பம் என்று படம் படமாக மைதானத்தைச் சுற்றிவர வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் முழங்காலிட்டு எழவேண்டும். முதல் படத்தில், இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பிலாத்து கை கழுவுகிறான். கழுவட்டும். அவனுக்கென்ன, தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தது. தனக்கு ஊற்ற யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கழுவுகிற யோசனை ஏன் வருகிறது? விஷயம் இதுதான். தலைமையாசிரியை சிஸ்டர் ஜெரோசா திங்கட்கிழமையே கட்டளை போட்டுவிட்டார். இந்த வெள்ளி ஒன்பதாம் நிலையில், இயேசு மூன்றாம் முறை விழுகிற இடத்தில், மூன்றாம் வகுப்பு ரெனிஷா முன்னால் வந்து, வகுப்பின் முள்முடியைக் கையில் ஏந்தி, எல்லார் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்கவேண்டும். மீன் தின்றதற்கு. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துத் தயார்படுத்த வேண்டியது வகுப்பு டீச்சர் சிந்தா. சொல்லிக்கொடுத்துவிட்டாள். பிள்ளை தயார். டீச்சர்தான் தயாராக இல்லை.

இரண்டாம் நிலை, அடிபம்புப் பக்கம். சிலுவையைத் தோள்மேல் ஏற்றுகிறார்கள். முள்முடி என்றால் நிஜ முள். சிஸ்டர் ஜெரோசா இந்த வருஷம்தான் திருச்சிக்கு மேற்கே ஏதோ ஊரிலிருந்து மாற்றலாகி வந்தார், கடற்கரையில் அவருக்கு இது முதல் தவக்காலம். விபூதிப் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் வகுப்புக்கு ஒரு களிமண் வளையம் செய்து, அதில் உடைமுள்ளைக் குத்திக் குத்தி நிறுத்தி, மேசைக்கு மேசை வைத்துவிட்டார். யாராவது ஒரு பிள்ளை ஒறுத்தல் செய்தால், அதாவது தனக்குப் பிடித்ததை ஆண்டவருக்காக வேண்டாமென்று விட்டால், வந்து ஒரு முள்ளைப் பிடுங்கலாம். பெரிய வெள்ளிக்குள் முடி முள்ளில்லாமல் ஆகவேண்டும், உயிர்ப்புத் திருநாளுக்கு அந்த ஓட்டைகளில் பூச் செருகலாம். நல்ல யோசனை, சிந்தாவுக்கே பிடித்திருந்தது. தேன்மிட்டாய் வேண்டாமென்றதற்கு ஒரு முள், தம்பியை அடிக்காமல் விட்டதற்கு ஒரு முள், ஒரு பயல் வீட்டுப்பாடத்தை ஒறுத்தல் செய்துவிட்டேன் என்று சொல்லி முள் பிடுங்க வந்தான், அன்றைக்குச் சிஸ்டரே வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றது போன வெள்ளிக்கிழமை. காற்று அடங்காமல் எந்த வள்ளமும் இறங்காத நாட்கள் கழிந்து, முதல்முறையாகக் கடலுக்குப் போன ரெனிஷாவின் அப்பன் கயித்தான் விடியக் கருக்கலில் சாளை மீனோடு கரையேறினான். தாய்க்காரி பிரகாசி அந்தச் சந்தோஷத்தில் குழம்பு வைத்து, சத்துணவுச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சின்னச் சம்படத்தில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். பிள்ளை மூடியைத் திறந்தது. வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த சிஸ்டர் நின்றார். "இன்னிக்கு என்ன கிழமை?" "வெள்ளிக்கிழமை சிஸ்டர்." "என்ன காலம்?" "தவக்காலம் சிஸ்டர்." எல்லாம் சரியான பதில். "அப்ப இது என்ன?" "சாளை சிஸ்டர், எங்கப்பா புடிச்சது." அதுவும் சரியான பதில்தான், பிள்ளை பெருமையாகவே சொன்னது. சிஸ்டர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. மூன்றாம் வகுப்பு முடியை எடுத்துவரச் சொன்னார். பிடுங்கிப் போட்ட முட்களில் ஒன்றை எடுத்துப் பிள்ளையின் விரலிடுக்கில் வைத்து, திரும்பவும் குத்தச் சொன்னார். "பாரு, உன் மீனால இயேசுவுக்கு ஒரு முள்ளு கூடிடுச்சு." களிமண் காய்ந்து இறுகிக் கிடந்தது, முள் இறங்க மறுத்தது. பிள்ளை எச்சில் தொட்டு ஈரமாக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தி அழுத்தி, ஒருவழியாக நிறுத்தியது. சிந்தா அப்போது பக்கத்தில்தான் நின்றாள். சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நிலை. முதல்முறை விழுகிறார். எழும்போது சேலைக் கரையில் ஒட்டிய மணலைத் தட்டினாள், தட்டத் தட்ட ஒட்டியது. சுத்தபோசனம். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. வேம்படித்துறையில் எந்தப் பொடிசைக் கேட்டாலும் சொல்லும், சுத்தபோசனம் என்றால் ஆடு கிடையாது, கோழி கிடையாது, மாடு கிடையாது, மீன் உண்டு. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று ஊரே ஒழுங்காக மீன்குழம்பு வைத்து, ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகக் கோயிலுக்குப் போகும். திருச்சபைச் சட்டமும் மாமிசம் கூடாது என்பதோடு நிற்கிறது, மீனைத் தொடவில்லை. ஆனால் சிஸ்டர் பிறந்த ஊரில் சுத்தபோசனம் என்றால் கவிச்சி வாடையே ஆகாது, தவக்காலம் தொடங்கும் முன்னே சட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார்களாம். அது அவர்கள் ஊர் வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். திங்கட்கிழமை சிந்தா மெல்ல எடுத்துச் சொல்லப் பார்த்தாள். "சுத்தம்னு பேர்லயே இருக்கே டீச்சர், மீனு எப்படி சுத்தத்துல வரும்?" என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பில் விஷம் கிடையாது, அதுதான் கொடுமை. விஷம் இருந்தால் துப்பிவிடலாம். மீன் எப்படிச் சுத்தத்தில் வரும். எப்படி வரும். குளித்துக்கொண்டிருக்கும்போது, கரும்பலகையில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, ராத்திரி கொசுவலைக்குள் புரளும்போது, எப்படி வரும். வெள்ளிக்கிழமையும் சத்துணவு முட்டை வருகிறதே, அது மட்டும் எப்படிச் சுத்தத்தில் வந்தது? முட்டை அரசாங்கத்துடையது, சிஸ்டர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். ஆண்டவரே உயிர்த்த பிறகு கரையில் மீன் சுட்டுக் கொடுத்தாரே என்று கேட்கலாம். அதற்கும் பதில் வைத்திருப்பார், அது உயிர்ப்புக்கு அப்புறம் டீச்சர், தவக்காலத்துல இல்ல என்பார். பதிலுக்குப் பஞ்சமில்லாத மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. இதோ செருப்பைக் கழற்றிவிட்டு இந்தத் தீ மணலில் வெறுங்காலோடு வருகிறார், தவக்காலம் முழுக்க ஒரு வேளைச் சாப்பாடு, டீ குடிப்பதைக்கூட விட்டுவிட்டுத் தலைவலியோடு நடமாடுகிறார், ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று வெயிலில் கிறங்கினால் தன் குடையை விரித்துப் பிடிக்கிறார். அத்தனை நல்லவர் ஒரு பிள்ளையின் விரலில் முள்ளைக் கொடுத்துக் குத்தச் சொல்கிறார். நல்லவர்களோடு சண்டை போடுவதற்கு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை.

பயிற்சிப் பள்ளி. அதை நினைக்க வேண்டாமென்றுதான் இருந்தாள், நாலாம் நிலையில் தாயைச் சந்திக்கிற படம் வந்ததும் நினைப்பு தானாக ஓடிவந்தது. உள்ளூர் தாண்டி உள்நாட்டில் ஆசிரியப் பயிற்சி, சிஸ்டர்கள் நடத்திய விடுதி. முதல் நாள் தகரப்பெட்டியைத் திறந்ததும் அறைத்தோழி மூக்கைச் சுளித்தபடி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். பெட்டியில் நாலு பாவாடை, ஒரு செபமாலை, பவுடர் டப்பா, அவ்வளவுதான் இருந்தது. மறுநாளும் திறந்தாள். பிறகு சிந்தா பெட்டியில் கை வைக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி சும்மா ஒரு வேடிக்கைக்கு ஜன்னல் பக்கம் போவாள், எல்லாரும் சிரிப்பார்கள், சிந்தாவும் சிரிப்பாள். சிரிக்கக் கற்றுக்கொண்டாள். சிந்தாத்திரை மேரி என்று கடல்துணை மாதாவின் பேரை முழுசாகச் சொல்லாமல் சிந்தா என்று பாதியில் நிறுத்தக் கற்றுக்கொண்டாள். இருக்கிய, வாரிய, போறிய என்ற பேச்சை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்தாள். பவுடரைக் கழுத்துவரை அப்பினாள். தவக்காலம் வந்தால் மற்றவர்களுக்கு முன்னால் தானே மீனை வேண்டாமென்றாள், ஊருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்து கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும் வெள்ளிக்கிழமை மீனைத் தொடுவதில்லை. அம்மா கேட்டபோது ஒறுத்தல் என்று சொன்னாள். ஒறுத்தலா அது? பயந்து விட்டதற்குப் பேர் ஒறுத்தலா? பிடித்ததை விடுவது ஒறுத்தல், தன்னையே விடுவதற்கு என்ன பேர்? இத்தனை வருஷம் முள் முள்ளாகப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறாள், யார் தலையிலிருந்து பிடுங்கினாள், யாருக்குக் கொடுத்தாள், ஒரு கணக்கும் இல்லை. "டீச்சர், மைக்" என்று பக்கத்திலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள். மைக் வாயை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. கிட்டே கொண்டுவந்ததும் கீய்ங் என்று ஊளையிட்டது, ஒன்றாம் வகுப்பு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது.

ஐந்தாம் நிலை. சிலுவை சுமக்கச் சீரேனே ஊர்க்காரன் சீமோனைப் பிடித்து இழுத்துவருகிறார்கள். பாவம், வயலிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன், காரணமே இல்லாமல் மாட்டிக்கொண்டான். கிரகோரி ஞாபகம் வந்தது. அவள் புருஷன், ஐஸ் பிளான்ட்டில் வேலை, வம்புக்கே போகாத மனுஷன். காலையில் அவனைத்தான் கரைக்கு விரட்டினாள், காரல் மீன் வாங்கிவரச் சொன்னாள். வாங்கிவந்து கொடுத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றான். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, நீ திங்க மாட்டியே?" "இன்னைக்குத் திம்பேன்." "என்னட்டி ஆச்சு ஒனக்கு?" "சுத்தபோசனம்" என்றாள். ரெனிஷா விஷயம் ஊர் முழுக்கத் தெரியும். "ஏதாவது பேசிக் கீசி வச்சிராத. அவிய மேனேஜ்மென்ட்டு. ஒரு கையெழுத்துல மேக்க எங்கயாவது தூக்கிப் போட்ருவாவ. புள்ளைய ரெண்டு வச்சிருக்கோம்." சரிதான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. காரலில் தேங்காய்ப்பால் சொதி வைத்துச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள், முதல் வாய் தொண்டையில் நின்றது, இரண்டாம் வாய் இறங்கியது, பிறகு விரலையே சப்பித் தின்றாள். சாப்பிட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவப் போனவள், சோப்பை எடுத்து, திரும்ப வைத்தாள். வெறும் தண்ணீரில் அலம்பிக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கைதான் இப்போது புத்தகத்தைப் பிடித்திருக்கிறது. மேக்கே தூக்கிப் போட்டால்? விடியற்காலை பஸ், பெரியவளுக்கு யார் சடை பின்னுவது, சின்னவனுக்கு இழுப்பு, மழைக்காலத்தில் அவனை யார் மடியில் வைத்து உட்கார்ந்திருப்பது? மூன்று வருஷம் நாலு வருஷம் திரும்பி வர முடியாது. வேண்டாம். பேசாமல் இருந்துவிடலாம். ஒரு நிமிஷம்தான், பிள்ளை இரண்டு வரி சொல்லிவிட்டு வரிசைக்குப் போய்விடும், பிள்ளைகளுக்கு மறந்துவிடும். மறக்குமா? ஜன்னல் திறந்த சத்தம் உனக்கு மறந்ததா?

ஆறாம் நிலையில் வெரோணிக்கா வந்தாள். இந்தப் படம் பூவரசு மரத்தில் ஆணியடித்து மாட்டியது, காற்றில் கோணலாகிக் கிடந்தது. இவளைப் பற்றி வேதாகமத்தில் ஒரு வரி கிடையாது. யாரும் கூப்பிடவில்லை, சீமோனைப் போல இழுத்தும் வரவில்லை, சேவகர்களுக்கு நடுவில் தானே புகுந்து இயேசுவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். எந்த மேனேஜ்மென்ட்டில் வேலை பார்த்தாளோ, அவளுக்கென்ன. பிள்ளைகள் எழுந்து அடுத்த படத்துக்கு நடந்தார்கள், மூன்றாம் வகுப்பு வரிசை தாண்டிப் போகும்போது சிந்தா பார்க்காமலிருக்கத்தான் முயன்றாள், பார்த்துவிட்டாள். ரெனிஷாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. செபம் இல்லை, பதில் சொல்ல வேண்டிய இடமும் இல்லை. அந்த இரண்டு வரியைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறது. நேற்று இறுதி மணிக்குப் பிறகு காலி வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுத்த வரி. என் அன்பு இயேசுவே, நான் தவக்காலத்தில் மீன் சாப்பிட்டு உமது தலையில் முள் வைத்தேன், என்னை மன்னியும். கெட்டிக்காரப் பிள்ளை, வாய்ப்பாடு மாதிரி உடனே பிடித்துக்கொண்டது. "எங்க, இன்னொரு தடவ சொல்லு." சொன்னது. "குரல் பத்தாது, மைக்ல சொல்லணும்லா." உரக்கச் சொன்னது. சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய், நின்று, திரும்பி வந்தது. "டீச்சர்." "என்ன புள்ள?" "நான் சும்மா தின்னேன். மீனப் புடிச்சது எங்கப்பாதான?" "ஆமா." "அப்ப இயேசு தலையில முள்ளு வச்சது எங்கப்பாவா டீச்சர்?" சிந்தா கரும்பலகையை அழித்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, இருந்தும் அழித்தாள். "போ, நேரமாவுது, அம்மை தேடும்" என்றாள். பிள்ளை போயிற்று. அழவில்லை, கோபப்படவில்லை, சந்தேகம் கேட்டது, டீச்சருக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான் என்பதுபோலப் போயிற்று. ராத்திரி முழுக்கச் சிந்தா பதில் சொல்லிக்கொண்டே கிடந்தாள். இல்ல புள்ள. இல்ல புள்ள. அத்தனை சுலபமான பதில், ஒரு சொல்தான், ஏன் அங்கேயே வரவில்லை?

ஏழாம் நிலை கொடிக்கம்பத்தடியில். இரண்டாம் முறை விழுகிறார். சுவர் நிழல் இந்தப் பக்கம் கிடையாது, வெயில் மண்டையில் இறங்கியது, காதோரம் வழிந்த வியர்வை கழுத்துப் பவுடரைக் கரைத்துக்கொண்டு இறங்குவது தெரிந்தது, இறங்கட்டும். எட்டாம் நிலைக்கு ஊர்ப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்குத் தாய்மார் வருவது வழக்கம்தான், இன்றைக்குக் கூட்டம் கூடுதல், விஷயம் தெரிந்து வந்திருக்கிறார்கள். முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டகையோரம் ஒதுங்கி நின்றார்கள். பிரகாசி கடைசியில் நின்றாள். சந்தையில் மீன்கூடையை விற்றுவிட்டு நேரே வந்திருக்க வேண்டும், சேலை மாற்றக்கூட நேரமில்லை, அதனால்தான் மற்றவர்களிடமிருந்தும் ஓரெட்டுத் தள்ளி நிற்கிறாள். யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லாமல் ஆகிவிட்டது, பஸ்ஸில் பின்சீட்டு, கடையில் வாசல்படிக்கு வெளியே, வங்கியில் மின்விசிறிக்கு எதிர்ப்பக்கம், எங்கே போனாலும் கால் தானாக ஓரெட்டுத் தள்ளி நிற்கும். இந்தப் பள்ளிக்கூடத்தில், தன் பிள்ளை படிக்கிற இடத்தில், தன் கோயில் செபத்தில், இங்கேயுமா? எருசலேம் பெண்களைப் பார்த்து எனக்காக அழாதீர்கள் என்று ஆண்டவர் சொல்கிற இடத்தை வாய் படித்தது. உங்கள் பிள்ளைகளுக்காக அழுங்கள் என்றது புத்தகம். சிந்தா படிப்பதை நிறுத்தினாள். மூச்சு வாங்குகிறாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அழுவதா? இதற்கு மேலும் அழுவதா? எத்தனை தலைமுறை அழுதாயிற்று, பவுடர் போட்டு அழுதாயிற்று, ஜன்னலோடு சேர்ந்து சிரித்து அழுதாயிற்று. பயம் இன்னும் வயிற்றில்தான் இருந்தது, எங்கேயும் போகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறொன்று எழுந்து உட்கார்ந்துவிட்டது, அது பயத்தைப் பார்த்து, கொஞ்சம் நகரு என்றது. மிச்சத்தைப் படித்து முடித்தாள், குரல் சரியாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நிலை. இயேசு மூன்றாம் முறை விழுகிறார். முழங்காலிட்டார்கள், எழுந்தார்கள். சிஸ்டர் ஜெரோசா ஊதாத் துணி விரித்த தாம்பாளத்தில் மூன்றாம் வகுப்பு முள்முடியை ஏந்தி முன்னால் வந்து நின்று, சிந்தாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். கூப்பிடு என்று அர்த்தம். கூப்பிடுவதற்கு முன்னாலேயே ரெனிஷா வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டது. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கூப்பிய கை, உதடு அசைந்தபடி. தாம்பாளத்துக்கு நேரே போய் நின்று கையை நீட்டியது.

"ரெனிஷா" என்றாள் சிந்தா. மைக் ஊரெல்லாம் சொன்னது. "திரும்பிப் போ புள்ள. போய் வரிசைல நில்லு."

பிள்ளைக்குப் புரியவில்லை. "டீச்சர், எனக்கு முழுசாத் தெரியும்."

"தெரியும். சொல்ல வேண்டாம்."

"சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம். நேத்து நீ கேட்டல்லா, அதுக்கும் பதில் இதான். ஒங்கப்பா வைக்கல. போ."

பிள்ளை சிஸ்டரைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, பிறகு ஓடியே போய்விட்டது. சிஸ்டர் பக்கத்தில் வந்தார். முகத்தில் கோபத்தைவிடத் திகைப்புதான் இருந்தது. "டீச்சர், என்ன இது? எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம். பிள்ளையக் கூப்பிடுங்க."

"இப்பமே பேசிருவோம் சிஸ்டர்." சுரண்டி எடுத்த பேச்சு எங்கேயும் போய்விடவில்லை, அடியிலேயே கிடந்திருக்கிறது. அது பாட்டுக்கு வந்தது, அவளும் விட்டுவிட்டாள். "நீங்க எங்களுக்காவ வெயில்ல வெறுங்காலோட நடக்கிய, நான் ஒத்துக்கிடுதேன். ஆனா இந்தப் புள்ள தப்பு ஒண்ணும் பண்ணல. அவ தின்னது சுத்தபோசனம். இந்த ஊர்ல அதான் சுத்தபோசனம். எங்க மீனுல முள்ளு உண்டு சிஸ்டர். அது மீனுக்குள்ள இருக்க முள்ளு. ஆண்டவரு தலைல வைக்கதுக்கு நாங்க முள்ளு புடிச்சிட்டு வரல."

கொட்டகைப் பக்கம் முக்காடுகள் அத்தனையும் இவள் பக்கம் திரும்பியிருந்தன. சிஸ்டர் தாம்பாளத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார். "மைக்கக் குடுங்க டீச்சர்." உத்தரவாகத்தான் சொன்னார், ஆனால் குரல் உத்தரவு மாதிரி வரவில்லை. கேட்டதும் கொடுத்துப் பழகிய கை. சிந்தாவின் விரல்கள் ஒன்றிரண்டு தாமாகவே பிடி தளர்ந்தன. மாற்றல் உத்தரவு, விடியற்காலை பஸ், சின்னவனின் இழுப்பு, எல்லாம் வரிசையாக வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தன. வரட்டும். அதையெல்லாம் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், அழுதுகொண்டேகூடப் பார்த்துக்கொள்ளலாம். பிடியை இறுக்கினாள்.

"இன்னும் அஞ்சு நிலை கெடக்கு சிஸ்டர்" என்றாள். அடுத்த படத்துக்கு யாரும் நகரவில்லை, நகரச் சொல்லவும் அவளுக்குப் பொறுமையில்லை. புத்தகத்தைப் பார்க்காமலே, கடற்கரைவரை கேட்கும்படி படித்தாள். "பத்தாம் நிலை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இயேசுவின் ஆடைகளை உரிகிறார்கள். முழங்காலிடுவோம்."

முதலில் விழுந்தது கூட்டத்துக் கடைசியில் நின்ற பிரகாசி. அவளைப் பார்த்து மற்றப் பெண்கள், அவர்களைப் பார்த்துப் பிள்ளைகள், மைதானம் முழுக்க மணலில் இறங்கியது. சிஸ்டர் ஜெரோசா நின்றார். கை இன்னும் நீண்டபடிதான் இருந்தது. ஆனால் முழங்காலிடுவோம் என்று சொன்ன பிறகு, நிலையின் பேரைச் சொன்ன பிறகு, நின்றுகொண்டிருக்க எந்தக் கத்தோலிக்கருக்கும் கால் வராது. தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுடுகிற மணலில் அவரும் முழங்காலிட்டார்.

கடைசியாகச் சிந்தாத்திரை டீச்சர் முழங்காலிட்டாள். மைக் அவள் கையில்தான் இருந்தது.